வச்சது முளைக்குமா

என் வீட்டுக்காரர் நெஞ்சுக்குள் ஒரு கதவு இருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இருக்கிறது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. கல்யாணமான மறுவருஷம் நெஞ்சைத் திறந்து, கெட்டதை எடுத்துவிட்டு, செயற்கையாக ஒன்றை வைத்தார்கள். இரண்டு அரைவட்டத் தகடுகள். ரத்தம் வந்தால் திறக்கும், போனதும் சாத்திக்கொள்ளும். சாத்தும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அமைதியான அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் கேட்கும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எனக்கு அதை விளக்கிய விதமே அப்படித்தான் இருந்தது. "நடுவுல திறக்கற லிஃப்ட் கதவு இருக்குல்ல, ரெண்டு பக்கமும் விலகுமே, அதேதான். என்ன, இதுக்கு மாடி கிடையாது, ஒரே தளம்தான்" என்றார். தைத்த நெஞ்சோடு சிரிக்கப் பார்த்து, வலித்து, நிறுத்திக்கொண்டார்.

முதலில் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் லாண்டரியில் வேலை பார்ப்பவள். பகல் முழுக்க மெஷின் இரைச்சல், நீராவிச் சீறல். வீட்டிலாவது காது ஓயட்டும் என்றால், தலையணைக்குப் பக்கத்தில் இது. "கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்" என்று அம்மாவிடம் போனில் புலம்பினேன். அப்புறம் என்ன ஆனதென்று தெரியவில்லை, அது இல்லாமல் தூக்கம் வராது என்றாகிவிட்டது. எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த நெஞ்சில் போட்டால்தான் அழுகையை நிறுத்துவாள். இன்று ஹாஸ்டலில் இருந்து பேசும்போதும், "கடிகாரம் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்கிறாள்.

அந்தக் கதவில் ரத்தம் உறைந்து ஒட்டிவிடாமல் இருக்க அவர் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். ஆயுசுக்கும். இந்த மருந்தை ஒரு காலத்தில் எலியைக் கொல்லத்தான் வைத்தார்கள் என்று இதய டாக்டர் ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இவருக்குக் கொண்டாட்டம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் எலி மருந்து. "எலி மருந்து சாப்பிட்டாச்சா?" என்று நான் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதும், "ஆச்சு, இன்னும் சாகல" என்று இவர் பதில் சொல்வதும் வழக்கம். ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, குடித்துக்கொண்டிருந்த டீயை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

முடி கொட்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். எலி மருந்துதான் காரணம் என்பது இவர் கட்சி. "அதுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனா உங்க அப்பா போட்டோ ஒன்னு கொண்டு வாங்க, பெரிய பங்கு யாருதுன்னு காட்டறேன்" என்றார் இதய டாக்டர். அப்பா போட்டோவில் தலை பளபளவென்று இருந்தது. இவர் அதைக் கொண்டு போகவே இல்லை.

வேறு வேலை பார்த்திருந்தால் மறந்திருப்பாரோ என்னவோ. லிஃப்ட் பெட்டிக்குள் மூன்று பக்கமும் கண்ணாடி, உச்சியில் விளக்கு. குனிந்தால் தெரியும், நிமிர்ந்தால் தெரியும், திரும்பினாலும் தெரியும். நாள் முழுக்கத் தன் வழுக்கைக்கு நடுவிலேயே நின்று வேலை பார்க்கிற மனுஷன். ஒருநாள் சாப்பிடும்போது, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "முடி நடறாங்களாம். பின்னந்தலையில இருந்து எடுத்து முன்னாடி வைக்கறாங்களாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நெஞ்சுக்குள்ள கதவு, ரத்தத்துல எலி மருந்து. சவரம் பண்ணும்போது கீறினாலே அரைமணி நேரம் பஞ்சை வச்சு அழுத்தணும். உயிரோட உக்காந்து சாப்பிடறதே பெரிசு, இதுல கிராப்பு வேறயா?" என்றேன்.

அவர் முகம் தொங்கிப் போனது. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்தார். இப்படிப் பேசாமல் இருந்தே சாதிக்கிற ஆள்களிடம்தான் நான் எப்போதும் தோற்பேன். அடுத்த மாதம் முடி டாக்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

அந்த டாக்டரம்மா நிதானமானவர். இவருடைய நெஞ்சுத் தழும்பைப் பார்த்தார், சத்தத்தைக் கேட்டார், இதய டாக்டரோடு அங்கேயே போனில் பேசினார். பிறகு எங்களிடம் சொன்னார். "மாத்திரையை நிறுத்தவே கூடாது. நிறுத்தாமலேயே பண்ணுவோம். அதனால தலை முழுக்க முடியாது. முன்பக்கம் ஒரு கைப்பிடி அளவுக்கு மட்டும். ரத்தம் கொஞ்சம் கூடவே கசியும், மெதுவாத்தான் வேலை நடக்கும். சம்மதமா?"

"ஒரு கைப்பிடி போதும்" என்றார் இவர். வழுக்கைத் தலைக்கு ஒரு கைப்பிடி எப்படிப் போதும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஒரு விடுமுறை நாள். இவர் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தேன். என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. விளக்கை அணைக்க மறந்தோமா, அடுப்பில் ஏதாவது வைத்தோமா என்று யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது. சத்தம் இல்லை. மெஷின் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டதா என்று சுண்டு விரலை விட்டுக் குடைந்து பார்த்தேன். பேப்பரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவர் நெஞ்சில் காதை வைத்தேன்.

"என்ன, காலங்காத்தால?" என்று சிரித்தார்.

சத்தம் இருந்தது. ஆனால் அது இல்லை. 'டிக்' போய் 'டப்' என்று, நடுவில் துணி சிக்கிய கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு மங்கல் சத்தம். 

"மூச்சு வாங்குதா?"

"மாடி ஏறினா கொஞ்சம்."

"எலி மருந்து போடறீங்களா இல்லையா?"

கொஞ்ச நாளாக வேலை நெருக்கடியில் நான் அதைக் கேட்காமல் விட்டிருந்தேன். அவர் பேந்தப் பேந்த விழித்தார். "அதான் நிறுத்தச் சொல்லிட்டாங்களே. அந்த ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணாங்க. வேற மருந்து ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. எலி மருந்து இருக்குன்னு சொன்னேன். ஐயோ, ஆபரேஷன் முடியற வரைக்கும் அதைத் தொடவே தொடாதீங்கன்னாங்க. டாக்டரம்மாதான் மாத்திச் சொல்லச் சொன்னாங்கன்னு நினைச்சேன்."

நான் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. செருப்பு மாட்டும்போது ஆரம்பித்து டாக்ஸியிலும் திட்டினேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வண்டியை விரட்டினார்.

இதய டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் முகம் மாறியது. ஒன்றும் பேசாமல் எங்களை ஸ்கேன் அறைக்குக் கூட்டிப் போனார். இருட்டறை, பச்சை வெளிச்சம் காட்டுகிற ஒரு திரை. இத்தனை வருஷமாக நான் காதால் மட்டுமே அறிந்திருந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மங்கலான ஒரு குகைக்குள் இரண்டு கீற்றுகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. எனக்குத் தெரியாமல், அவருக்கே தெரியாமல், நாங்கள் சண்டை போட்டபோதும் தூங்கியபோதும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது இதுதான். பயத்துக்கு நடுவிலும் நான் வாய் பிளந்து நின்றேன்.

"பாருங்க, ஒரு கதவு நல்லா திறக்குது. இன்னொன்னு பாதிதான் திறக்குது. ரத்தக்கட்டி ஒட்டியிருக்கு" என்றார் டாக்டர்.

"தடத்துல அழுக்கு சேர்ந்தா அப்படித்தான் ஆகும்" என்றார் படுத்திருந்த இவர். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நான் காதைத் தொட்டுக் காட்டினேன்.

அன்றைக்கே அட்மிட் பண்ணி, கட்டி கரைய மருந்து ஏற்றினார்கள். டாக்டர் கோபத்தோடு முடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். இவரோடு போனில் பேசிய வரவேற்புப் பெண் அழுதேவிட்டாளாம். இவர் லிஃப்ட் வேலை பார்ப்பவர் என்பது அவளுக்குத் தெரியும். அவர்கள் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பற்றியே அவளிடம் அரைமணி நேரம் பேசியிருக்கிறாரே. லிஃப்ட் குழியில் வயரைக் கடிக்கிற எலிக்கு மருந்து வைப்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாளாம். விஷத்தைத் தொட்ட கையோடு ஆபரேஷனுக்கு வந்துவிடப் போகிறாரே என்ற நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறாள். அவளை நான் எப்படிக் கோபித்துக்கொள்வது? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தேன். போகிறவர் வருகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

தினமும் விழித்ததும் அவர் நெஞ்சில் காதை வைப்பேன். டப். டப். நர்ஸ் தினமும் ரத்தம் எடுத்துப் போவார், டாக்டர் தலையசைப்பார், எனக்கு அதெல்லாம் புரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிறகு ஒரு காலையில், காதை வைக்கும் முன்பே, கட்டிலுக்கு வெளியே நிற்கும்போதே கேட்டது. டிக். சுத்தமாக, கூர்மையாக, பளிச்சென்று.  ஒரு சொட்டு மருந்து எங்கோ கையில் ஏறி, ரத்தத்தோடு ரத்தமாகப் போய், அந்தக் கதவைத் தேடிப் பிடித்துத் துடைத்துவிட்டு வந்திருக்கிறது. கடவுளை நான் அதிகம் தொந்தரவு செய்கிறவள் இல்லை. அன்றைக்கு யாரிடமாவது நன்றி சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. தரையைத் துடைக்க வந்த ஆஸ்பத்திரி ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி, முடி கிடி எல்லாம் இதோட போதும். இனிமே அந்தப் பேச்சை எடுத்தா நடக்கறதே வேற" என்றேன் அவரிடம்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கையில் ஊசி, மூக்கில் குழாய். மெதுவாக என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"என் உடம்புக்குள்ள என்னென்னவோ வச்சிருக்காங்க. கதவு வச்சாங்க, வெட்டின நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டினாங்க. எல்லாம் வச்சது வச்சபடியே இருக்கும். நல்லதுதான். இல்லேன்னா நான் இல்லை. ஆனா எதுவும் வளராது. தேயாம இருந்தா போதும், ஒட்டாம இருந்தா போதும்னு தினம் காவல் காக்கறதுதான் வேலை. லிஃப்டுக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லாம போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இந்த உடம்புல ஒன்னை வச்சா, அது வேர் புடிச்சு, தானா வளருமான்னு ஒரு தடவை பாக்கணும். அவ்வளவுதான். அழகுக்கு இல்லம்மா."

 கிராப்பு ஆசை என்றல்லவா நினைத்திருந்தேன். ஒரு கைப்பிடி எப்படிப் போதும் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

உடம்பு தேறி, ரத்தம் உறைகிற அளவு ஒரு நிலைக்கு வந்து, பல மாதம் கழித்து, முடி டாக்டருக்கு நான்தான் போன் பண்ணினேன். அவர் நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "இதய டாக்டர் சரின்னு சொன்னா எனக்கும் சரி. ஆனா நீங்களும் உள்ள வந்து உக்காரணும். இதயத்தைக் கவனிக்க மெஷின் இருக்கு, இருந்தாலும் உங்க காதும் வேணும்" என்றார்.

அப்படித்தான் நான் அந்த அறைக்குள் போனேன். தலையில் குல்லா, வாயில் முகமூடி, காலில் துணி உறை. இவரைக் குப்புறப் படுக்க வைத்து, தலை மரத்துப்போகும் ஊசியை, இதயம் துள்ளாதபடி அளவைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள். டாக்டர் பின்னந்தலையிலிருந்து ஒவ்வொரு முடியாகச் சுற்றி வெட்டி, வேரோடு உருவி எடுத்தார். பக்கத்தில் இரண்டு பெண்கள் அவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பிரித்து, ஐஸ் மேல் வைத்த கண்ணாடித் தட்டில், உப்புத் தண்ணீரில் வரிசையாக வைத்தார்கள்.

"பாக்கறீங்களா?" என்று ஒரு பெண் கண்ணாடியை என் பக்கம் திருப்பினாள். சின்னதாக ஒரு முடி. அதன் அடியில் பனித்துளி மாதிரி ஒரு வேர்.

"இதுக்கு உயிர் இருக்கா?"

"இருக்குக்கா. சில மணி நேரம் தாங்கும். உடம்பை விட்டு வெளிய இருக்கோம்னு அதுக்குத் தெரியாது."

அந்தத் தட்டில் என் கணவர் துளித்துளியாக உயிரோடு இருந்தார், மேஜையில் முழுசாக உயிரோடு படுத்திருந்தார். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். வருஷக்கணக்கில் துவைத்துத் தேய்த்த சட்டைக் காலரில் எல்லாம் இந்த முடி ஒட்டியிருக்கும், எத்தனையோ தடவை சலித்துக்கொண்டு தட்டிவிட்டிருக்கிறேன். அதற்கு இவ்வளவு பிடிவாதம் உண்டென்று எனக்கு யார் சொன்னார்கள்?

மல்லாக்கப் படுக்க வைத்து நடும் வேலை ஆரம்பித்தது. டாக்டர் முன்நெற்றிக்கு மேல் ஊசிமுனை அளவுக்குத் துளைகள் போட்டார். அந்த இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து இடுக்கியால் ஒவ்வொன்றாக வைத்தார்கள். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் மூத்த பெண் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"யாரு டைமரை ஆன் பண்ணது? டிக் டிக்னு கேட்டுக்கிட்டே இருக்கு. அதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"அதை நிறுத்தினா நான் போயிடுவேனேம்மா" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

அவள் குனிந்து அவர் நெஞ்சைப் பார்த்தாள். மெதுவாக இடுக்கியைக் கீழே வைத்தாள். இன்னொரு பெண்ணும் நிறுத்திவிட்டாள். டாக்டர்கூடக் கையை எடுத்துவிட்டு நின்றார். அந்த அறையில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். நான் மட்டும் தினமும் கேட்கிற சத்தம் அது. டிக். டிக். டிக்.

"அம்மாடி" என்றாள் அந்தப் பெண்.

அப்புறம் அவள் கை தானாக அதோடு சேர்ந்துகொண்டது. ஒரு டிக்கில் எடுப்பாள், ஒரு டிக்கில் வைப்பாள். ரத்தம் நிற்க நேரமானதால் ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு, பஞ்சால் மெல்ல அழுத்தி, பொறுத்திருந்துதான் அடுத்ததற்குப் போனாள். சிலது ரத்தத்தோடு மேலே வந்துவிட்டன. சலிக்காமல் மறுபடி வைத்தாள். ரத்தம் உறையக் கூடாது என்று நாங்கள் வருஷக்கணக்கில் காவல் காத்த அதே உடம்பில், ஒரு முடிக்கு மட்டும் உறை, கொஞ்சமே கொஞ்சம் உறை என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அது உறையவும் உறைந்தது, ஓடவும் ஓடியது. அந்த உடம்புக்கு எப்படித்தான் தெரிந்ததோ.

வேலை முடிந்தபோது நெற்றிக்கு மேலே ஒரு கைப்பிடி அளவுக்குக் குட்டைக் குட்டையாக முடி நின்றது. இவர் கண்ணாடியைக் கேட்கவில்லை. "சத்தம் சரியா இருக்கா?" என்றுதான் என்னிடம் கேட்டார்.

சில வாரத்தில் நட்டது எல்லாம் கொட்டிவிட்டது. தலையணையில் பார்த்துவிட்டு நான் பதறினேன். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்தான். முடி கொட்டும், வேர் உள்ளே இருக்கும், சில மாதம் பொறுக்க வேண்டும் என்று. இருந்தாலும் பெற்ற மனசு மாதிரி அடித்துக்கொண்டது. இவர் தினமும் எலி மருந்தை, மன்னிக்கவும், மாத்திரையை என் எதிரில் போட்டார். அந்தப் பழைய பெயரை வீட்டில் நான் தடை செய்திருந்தேன். கண்ணாடி பார்ப்பதை அவர் அடியோடு விட்டுவிட்டார். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். முளைக்கவில்லை என்றால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று எனக்குள் ஒரு திகில். நானும் அந்தப் பக்கம் பார்க்காமலே இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் லாண்டரிக்குப் போன் வந்தது. "உடனே வா. நாலு தெரு தள்ளி, அந்தப் பெரிய ஆபீஸ் கட்டடம்" என்றார். என்னாச்சு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை, ஓடினேன்.

லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னை உள்ளே இழுத்து, பொத்தானை அழுத்தி, பாதி வழியில் லிஃப்டை நிறுத்தினார். மின்விசிறியையும் நிறுத்தினார். மூன்று பக்கமும் கண்ணாடி, உச்சியில் விளக்கு. இத்தனை வருஷம் அவரை வதைத்த அதே விளக்கு.

"நான் பாக்க மாட்டேன். நீ பாத்துச் சொல்லு. கை வச்சா என்னவோ குத்துது" என்று விளக்குக்கு நேர் கீழே குனிந்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கை மறைத்த என் தலையைக் கொஞ்சம் நகர்த்தினேன். நெற்றிக்கு மேலே, தோலைத் துளைத்துக்கொண்டு, கறுப்பாக, மெல்லிசாக, பால் குடிக்கிற குழந்தையின் புருவம் மாதிரி. ஒன்று. பக்கத்தில் ஒன்று. அதோ இன்னொன்று. விரலை வைத்தேன். குத்தியது. உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டு வருகிற ஒன்று என் விரலைக் குத்தியது.

"என்ன? சொல்லேன்" என்றார். 

அந்த இரும்புப் பெட்டிக்குள் அவருடைய நெஞ்சு அவ்வளவு சத்தமாகக் கேட்டது. நான் ஒரு கையைத் தலையிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்துக்கொண்டேன். 

"வளருதுங்க" என்றேன். "வச்சது வளருது."

அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே தோள் குலுங்கியது. கண்ணாடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நாங்கள் இருவரும் அழுதுகொண்டிருந்தோம்.

கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். "ஹலோ! லிஃப்ட் என்னாச்சு? உள்ள யாராவது இருக்கீங்களா?"

இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். தலையை என் கைக்கு அடியிலிருந்து எடுக்காமலேயே உரக்கக் கத்தினார்.

"இருங்க சார், உள்ள வேலை நடக்குது!"